சேர்வராயன் மலையிற் காவிரி விழா

காவிரிக்கு விழா எடுக்கும் நாள் ஒன்றன்று. குடகுநாட்டார் துலாச் சங்கிராந்தியன்று எடுக்கின்றனர். கொங்குநாட்டாரும் சோழநாட்டாரும் ஆடித் திங்கட் பதினெட்டாம் நாளில் எடுக்கின்றனர். மயிலாடுதுறையார் ஐப்பசித் திங்கள் முழுமையும் எடுக்கின்றனர். இவை மூன்றும் சைவ நன்மக்கள் நன்கறிந்தவை. நான்காவதொன்றும் உண்டு. அது சேலத்தை அடுத்த சேர்வராயன் மலையின் உச்சியில், ஆற்றொலி கேளாத உயரத்தில், ஒரு குகையை இடமாகக் கொண்டு, வைகாசித் திங்களில் நிகழ்வது. நீராட ஆறில்லாத இடத்தில் ஆற்றுக்கு விழா எடுத்தல் எற்றுக்கு என்று வினவுவார் உளர். அறியாமையாற் பிறந்த வழக்கென்று தள்ளுவாரும், அங்குள்ள தெய்வங்களுக்குப் புராணப் பெயர் சூட்டித் தத்தம் சமயத்துட் சேர்த்துக்கொள்ள விரைவாரும் உளர். இத்திறத்தார் எவரும் அவ்விழாவின் இடத்தையும் காலத்தையும் ஊன்றி நோக்கினாரல்லர்.

சேர்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறு. ஆங்கிலேயர் தம் நாவிற்கேற்பச் ‘செவராய்’ எனத் திரித்து வழங்கிய பெயரே நிலப்படங்களில் நிலைத்துவிட்டது. அம்மலைமேல் அமைந்த ஊர் ஏற்காடு. ஏரியும் காடும் சேர்ந்த இடமாதலின் ஏரிக்காடு என்பதே ஏற்காடென மருவிற்றென்பர். ஊரைக் கடந்து மேலும் ஏறிச் செல்வார்க்குக் கடல் மட்டத்தினின்றும் 5,300 அடிக்கு மேற்பட்ட உயரத்திற் புல்வெளியாய்ப் பரந்த உச்சியொன்று தோன்றும். அவ்வுச்சியிலேயே சேர்வராயன் கோயில் உளது. அங்குக் கருவறையாவது இயற்கைக் குகையே. நுழைவார் தலைதாழ்த்திச் செல்லவேண்டும் அளவிற்கு ஒடுங்கியது. உள்ளே சேர்வராயனும் காவிரியம்மையும் எழுந்தருளியிருக்கின்றனர். சேர்வராயன் மலைக்குத் தலைவன். காவிரி ஆற்றுக்குத் தலைவி. குகை அம்மட்டில் முடிவதன்று, நிலத்தினூடே நெடிது சென்று காவிரியைத் தொடுகின்றது என்பது அங்குள்ளார் நம்பிக்கை. அந்நம்பிக்கையை நிலநூல் வல்லார் ஏலார். ஆயினும் அது வெறுங்கதையன்று என்பது பின்னர்ப் புலனாகும்.

அக்கோயிலை வழிபடுவோர் மலையாளிகள். இப்பெயர் கேரள நாட்டாரைக் குறிப்பதன்று. மலையை ஆள்வோர், மலைவாழ்வோர் என்ற பொருளிற் சேர்வராயன், கொல்லி, பச்சை, கல்வராயன், சவ்வாது முதலிய மலைகளில் வாழும் தமிழ் மக்களைக் குறிப்பது. கவுண்டர் என்பது அவர்கள் பட்டப்பெயர். நாடு என்னும் பிரிவுகளும் பட்டக்காரர் முதலிய தலைமைகளும் அவர்களிடையே வழங்கிவந்தன. எட்கர் தர்ஸ்டன் என்பார் 1909 இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய பெருநூலின் நான்காம் தொகுதியில் இவர்களைக் குறித்து விரிவாக எழுதியுள்ளார். இவர்கள் தொன்றுதொட்டு மலையிலேயே இருந்த குடிகளல்லர், சமவெளியிலிருந்து பிற்காலத்தில் ஏறிய தமிழரே என்பது அந்நூலின் துணிபு. அதற்கு அரண் செய்வது அம்மக்களே சொல்லிவரும் குடிவரலாறு. காஞ்சிபுரத்தில் இருந்த கரிராமன் என்னுந் தெய்வம் அவ்விடம் பொருந்தாமையின் வேறிடம் நாடிப் புறப்பட்டது. அதனைப் பின்தொடர்ந்து பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் மூவர் தத்தம் குடும்பத்தோடு வந்தனர். சேலநாட்டை அடைந்ததும் வழி பிரிந்தனர். பெரியண்ணன் சேர்வராயன் மலையையும், நடுவண்ணன் பச்சைமலையையும், சின்னண்ணன் மஞ்சவாடியையும் சென்றடைந்தனர். இஃது ஒரு வகை. சின்னண்ணன் சென்றது கொல்லிமலைக்கு எனவும், இன்னும் சிறிது மாற்றியும் கூறுதல் உண்டு. மலைதோறும் கதை வேறுபடினும் காஞ்சியும் உடன்பிறந்தார் மூவரும் மாறுவதில்லை.

இக்கதையில் ஆராய்வார் பெரும்பாலும் நோக்காத ஒன்று உளது. காஞ்சியினின்றும் வந்த தெய்வம் கரிராமன். அப்பெயரே திருமால் சார்பினது. உச்சிக் குகையில் இருப்பாரோ சேர்வராயனும் காவிரியும். காஞ்சிநாடு பாலாற்று நாடு. காவிரிக்கும் அதற்கும் தொடர்பில்லை. காஞ்சியிலிருந்து வந்தவர் தம் பழைய ஆற்றை நினைந்து வழிபடுவராயின் பாலாற்றையன்றோ வழிபடுதல் வேண்டும்? அவர்கள் அது செய்திலர். ஆகவே கரிராமன் அவர்கள் கொண்டுவந்த தெய்வம், சேர்வராயனும் காவிரியும் அவர்கள் வந்தவிடத்துக் கண்ட தெய்வங்கள் எனக் கொள்ளுதலே பொருத்தமாம். தமக்கு முன்னே அம்மலையில் இருந்தாரிடமிருந்து கற்றனரோ, மலையின் இயல்பு கண்டு தாமே உணர்ந்தனரோ, எவ்வாறாயினும் காவிரி வழிபாடு அம்மண்ணிற்கே உரியது.

அம்மலையின் இயல்பாவது யாது? மஞ்சவாடிப் பகுதியில் தோன்றும் திருமணிமுத்தாறு சேலம் நகரினூடே சென்று நாமக்கல் நாட்டிற் காவிரியொடு கலக்கின்றது. சரபங்க முனிவர் பெயரைத் தாங்கிய சரபங்கநதியும் இம்மலையிற் பிறந்து ஓமலூர் வழியே சென்று காவிரியை அடைகின்றது. மலையின் வடகீழ்ப்புறத்து நீர் வாணியாறாகிப் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் இறங்கித் தென்பெண்ணையிற் சேர்கின்றது. எனவே இம்மலை இரண்டு பேராறுகளுக்கு நீரைப் பகுத்தளிக்கும் வரம்பாய் நிற்பது. அதன் உச்சியில் நிற்பார்க்குத் தென்மேற்கே இறங்கும் நீர் யாவும் காவிரியாம் என்பது கண்கூடு. குகை காவிரி வரைக்கும் செல்கின்றது என்னும் நம்பிக்கை நிலத்தடிச் சுரங்கத்தைப் பற்றியதாயிற் பொய். நீரின் போக்கைப் பற்றியதாயின் மெய். குடகுமலையே காவிரியின் தாயகம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் தாய்வீடு ஒன்றே எனினும் சீர்கொணரும் பிறந்தார் பலராதல் உண்டு. சேர்வராயன் அவ்வாறு நீர்ச்சீர் அளிக்கும் உடன்பிறந்தான் எனல் பிழையாகாது.

இனிக் காலத்தை நோக்குக. குடகிலே தலைக்காவிரியில் ஞாயிறு துலாவிற் புகும் வேளையில், அஃதாவது அக்டோபர்த் திங்கள் நடுவில், ஊற்று பொங்கியெழுந்து அம்மை வெளிப்படுகின்றாள் என மக்கள் திரள்கின்றனர். மறுநாட் காலையிற் குடகுப் பெண்டிர் தேங்காயையோ வெள்ளரிக்காயையோ செம்பட்டு உடுத்தி அணிபூட்டி அம்மையாக வைத்து இல்லத்திலே வணங்குவர். தென்மேற்குப் பருவமழை நான்கு திங்கள் பெய்து ஓய்ந்து, மலையின் ஊற்றுக்கண்கள் நிரம்பி நிற்குங் காலம் அது.

அந்நாட்டில் ஆனியிலும் ஆடியிலும் கொட்டிய மழை கீழிறங்கிக் கொங்குநாட்டையும் சோழநாட்டையும் எட்டுங்காலமே ஆடிப் பதினெட்டு. இவ்விழா எங்கும் ஒருபடித்தாக நிகழ்வதன்று. மேட்டூரில் சேலம், தருமபுரி நாட்டு ஊர்மக்கள் தத்தம் குலதெய்வத் திருவுருவங்களையும் வேல், வாள் முதலிய படைகளையும் தலைச்சுமையாகக் கொணர்ந்து ஆற்றில் நீராட்டி மீள்வர். புதுப்புனல் அங்குத் தெய்வங்களையே தூய்மை செய்வது. பவானிக் கூடுதுறையில், திருஞானசம்பந்தப் பெருமான் பதிகம் பெற்ற திருநணாவில், சங்கமேசுவரரை வழிபடுவாரும் முன்னோர்க்கு நீர்க்கடன் இறுப்பாரும் மிகுதி. திருவரங்கத்தில் நம்பெருமாள் அம்மாமண்டபத் துறைக்கு எழுந்தருளிக் காவிரிக்குச் சீர் வழங்குவர். தஞ்சை நாட்டு மகளிர் காதோலை கருகமணியும் காப்பரிசியும் இட்டுப் படைத்து, மஞ்சட் சரடு மாற்றிச் சித்திரான்னம் உண்பர். சிறார் சப்பரம் இழுப்பர். கருவுற்ற மகளுக்குத் தாய்வீட்டார் செய்யும் சிறப்பே ஆற்றுக்குச் செய்யப்படுகின்றது என்பது இவ்விடத்து உட்கருத்து. கொல்லிமலையிலோ அதே ஆடித் திங்களில், அப்பரடிகள் திருவாக்கில் வைப்புத்தலமாக விளங்கும் அறப்பள்ளியில், மக்கள் அருவி நீராடி அறப்பளீசுவரரை வணங்குகின்றனர். அம்மலையினின்று இறங்கும் ஐயாறும் காவிரிப் பக்கமே செல்வது. ஆற்றங்கரையில் இல்லாதாரும் ஆற்றின் விழாவைக் கொண்டாடுதல் சேர்வராயன் மலைக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இஃதொன்றே சான்றாக அமையும்.

மயிலாடுதுறையிற் காலம் மீண்டும் வேறாகின்றது. ஐப்பசி முதல்நாள் தொடங்கித் துலாக்கட்டத்தில் நீராடுவர், இறுதிநாள் கடைமுகம், கார்த்திகை முதல்நாள் முடவன் முழுக்கு. நடக்கமாட்டாத ஒருவன் காலந்தாழ்த்து வந்தானாக, அவன்பொருட்டு இறைவன் ஒருநாள் நீட்டித்து அருளினான் என்பது அதன் வரலாறு. வடகீழ்ப் பருவமழையால் காவிரியின் கடைமடை நிரம்பி நிற்கும் பருவம் ஐப்பசியேயாம்.

இவற்றை ஒருசேர வைத்து நோக்கின், விழாவின் நாள் ஏட்டினின்றும் பிறந்ததன்று, நீரினின்றும் பிறந்தது என்பது தெளிவு. அவ்வவ்விடத்து நீர் எப்போது வந்து நிறைகின்றதோ அப்போதே அவ்விடத்தார்க்குக் காவிரித் திருநாள். சேர்வராயன் மலையில் சித்திரை இறுதியிலும் வைகாசியிலும் இடியொடு கூடிய கோடைமழை இறங்குகின்றது. வறண்டுகிடந்த ஓடைகள் ஒலிக்கத் தொடங்குகின்றன. சாமையும் கேழ்வரகும் தினையும் விதைப்போர் அம்மழையை நம்பியே புனத்தைத் திருத்துவர். கீழ்நாட்டார் ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பர். மலையிலோ ஆடிவரைக் காத்திருத்தற்கு இடமில்லை. ஆகலின் வைகாசித் திங்கள் மலையார்க்குப் புதுப்புனல் காலம் எனக் கருதத் தடையில்லை.

வைகாசியே ஆயின் அது விசாகத் திருநாளைப் பார்த்துக் கொண்டதாகாதோ எனின், அவ்வையம் நியாயமானதே. மலையடியில் சேலம் சுகவனேசுவரர் திருக்கோயிலில் வைகாசி விசாகத்தில் தேரோடுகின்றது. திருச்செங்கோட்டில் மாதொருபாகனார்க்கும் அத்திங்களிலேயே பெருவிழா. மலைமக்கள் சந்தைக்கும் வழிபாட்டுக்கும் கீழிறங்கி வந்தவரேயாதலின் இவ்விழாக்களை அறியாதிரார். அவற்றின் சாயல் தம் விழாவிற் படிந்திருத்தலும் கூடும். ஆயின் முருகவேளுக்கும் மாதொருபாகனார்க்கும் உரிய திங்களைத் தம் மலையில் அவர்கள் காவிரிக்கு ஆக்கியது ஏன் என்பதற்கு விடை வேண்டுமன்றோ? அதற்கு மழையையன்றி வேறு காரணம் காட்டுதல் அரிது.

1792 இல் சேலமும் பாரமகாலும் திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலக் கும்பினியார் கைக்கு மாறின. அதன்பின் அவர்கள் இந்நாட்டைப் பற்றி எழுதிக் குவித்த குறிப்புகள் பல. 1883 இல் லெபானு என்பார் சேலம் மாவட்டக் கையேட்டையும், 1918 இல் ரிச்சர்ட்ஸ் என்பார் மாவட்ட விவரச் சுவடியையும் வெளியிட்டனர். குடிவழக்கங்களையும் உடை உணவுகளையும் நுணுகி எழுதிய இத்தகையோர் உழைப்புப் போற்றற்குரியது. ஆயினும் அக்கால ஆராய்ச்சியின் கண் குலங்களை வகைப்படுத்துவதிலேயே ஊன்றி நின்றது. ஒரு வழிபாட்டை வழிபடுவோர் உள்ளத்திலிருந்து நோக்குதல் அதன் வேலையன்று.

அவ்வேலை சைவசித்தாந்திகட்கு உரியது. அவர்களும் இதனைச் செவ்வனே செய்திலர் என்பதே வருந்தத்தக்கது. ஒருசாரார் இவ்வழிபாட்டைச் சிறுதெய்வ வழிபாடென ஒதுக்கினர். மற்றொருசாரார் சேர்வராயனைச் சிவபெருமான் என்றும் காவிரியை உமையம்மை என்றும் சொல்லிலக்கணத்தால் நாட்டப் புகுந்தனர். வைணவச் சார்பினரோ கரிராமனைத் துணைக்கொண்டு சேர்வராயனும் திருமாலே என்பர். இவ்வழக்கில் வெற்றி எவர்க்காயினும் தோல்வி மலைமக்களுக்கேயாம். அவர்கள் தெய்வத்தின் பெயர் அவர்களைக் கேளாமலே மாற்றப்படுகின்றது.

அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியார் சுபக்கத்தில் இதனை ஐயத்திற்கிடமின்றித் தெளிவுறுத்தியுள்ளார். எத்தெய்வத்தை ஒருவர் கொண்டாலும் அத்தெய்வமாகி நின்று பயன் தருவான் மாதொருபாகனே என்பது அவர் துணிபு. பிற தெய்வங்கள் பிறந்திறந்து வினைக்குட்படுவன ஆகலின், அவ்விலக்கணம் இல்லாத முதல்வனே வழிபாட்டை அறிந்து அருளுகின்றான் என்பது அதற்கு அவர் காட்டும் ஏது. இதன் பொருளைச் சிலர் தலைகீழாகக் கொள்கின்றனர். சேர்வராயனைச் சிவன் என்று பெயர்மாற்றினால்தான் வழிபாடு இறைவனைச் சாரும் என்று ஆசிரியர் கூறினாரல்லர். பெயர் மாற்றாமலே சாரும் என்பதே அவர் கூறியது. பெயர்மாற்றம் வேண்டுமென்போர் இறைவன் அறிவிற்குத் தம் உதவி வேண்டுமென்று எண்ணுகின்றனர் போலும். காளத்திமலையில் ஆகமநெறி நின்ற சிவகோசரியார் எச்சிலும் ஊனும் கண்டு அருவருத்தனர். இறைவன் அவரைத் திருத்தினானேயன்றிக் கண்ணப்பரைத் திருத்தினானல்லன். பெரிய புராணத்தை நாளும் ஓதுவோர் மலைவழிபாட்டைத் திருத்தப் புகுமுன் இதனை நினைதல் நன்று.

நீர் இறைவனுடைய எண்பேருருவத்துள் ஒன்று. பூசைக்கு வைக்கும் குடநீரிற் கங்கை முதலிய ஏழாறுகளுள் ஒன்றாகக் காவிரியை அழைத்தலும் சைவர்க்கு வழக்கமே. குடத்துட் காவிரியை வருவித்தல் தகுமாயின் குகையுட் காவிரியை வணங்குதல் தகாதெனல் எங்ஙனம்? அகத்தியர் கமண்டலத்துள் அடங்கியிருந்த நீரே காவிரியாயிற்றென மணிமேகலைப் பதிகமும் கந்தபுராணமும் கூறுவன. விரிந்தோடும் ஆற்றை ஒடுங்கிய இடத்தே நினைந்து போற்றுதல் நம் முன்னோர்க்குப் புதிதன்று. திருநாவுக்கரசர் கயிலையை நோக்கி நடந்து, உடல் தேய்ந்து, இறைவன் ஆணையால் மீண்டு, காவிரிக்கரைத் திருவையாற்றிலே கயிலைக் காட்சி கண்டார். ஆடி அமாவாசையில் அது விழாவாக இன்றும் நிகழ்கின்றது. ஆற்றங்கரையில் மலையைக் கண்டவரைப் போற்றும் நாடு, மலையுச்சியில் ஆற்றைக் காண்பாரை மட்டும் பேதையர் என்பது முறையன்று.

மலை இன்று பழைய மலையன்று. 1820 முதல் சேலத்துக் கலெக்டராயிருந்த காக்பர்ன் என்பார் காலத்திற் காப்பிப்பயிர் ஏறிற்று, சோலைகள் தோட்டங்களாயின. உச்சியை அடுத்த பாறைமேடுகளில் அலுமினியத்துக்குரிய பாக்சைட் மண் தோண்டியெடுக்கப்பட்டதும் உண்டு. மழைநீரைப் பஞ்சுபோல் ஏற்று மெல்லமெல்ல ஊற்றுகளுக்கு விடுவது அம்மேற்பாறையே ஆதலின், அதனை அகற்றுவது காவிரியம்மையின் தலைப்பிலேயே கைவைப்பதாகும். மே மாதத்தில் அரசினர் நடத்தும் கோடைவிழாவிற்கும் மலர்க்காட்சிக்கும் வருவோர் திரளில், அதே பருவத்து மலைமக்கள் விழா வெளியார் கண்ணுக்கு அதன் ஒரு பகுதிபோலத் தோன்றுகின்றது. அது அவர்கள் விழா என்பதை அறியாமலே உச்சிக்காட்சி கண்டு திரும்புவார் பலர்.

கீழே ஆற்றின் விழாவும் மாறியுள்ளது. 1925 இல் தொடங்கி 1934 இல் முற்றுப்பெற்ற மேட்டூர் அணைக்குப் பின் ஆடிப்பெருக்கென்பது அணையினின்று விடுக்கும் நீரைப் பொறுத்ததாயிற்று. வறட்சியாண்டுகளில் மகளிர் மணலில் ஊற்றுத் தோண்டியும் குழாய்நீரிற் குளித்தும் அந்நாளைக் கழிக்கின்றனர். நோய்ப்பரவலால் 2020 இலும் 2021 இலும் துறைகளிற் கூடுதல் தடுக்கப்பட்டது. நாள் நிற்கின்றது, நாளைப் பிறப்பித்த நீர் அதற்குக் கட்டுப்படுவதில்லை. சேர்வராயன் மலையில் நீருக்கும் நாளுக்கும் உள்ள உறவு இன்னும் அறுந்திலது. அங்கு மழையைத் தடுத்து வைக்க அணையில்லை. அம்மழை திருமணிமுத்தாறாய் இறங்கிச் சேலம் நகரை அடையும்போது நகரின் கழிவுநீர் அதனொடு சேர்கின்றது. குகையில் மலைமக்கள் வணங்கியனுப்பும் நீர் அவ்வாறு கலந்தே காவிரியிற் புகுந்து, ஆடித் திங்களில் மஞ்சளும் மலரும் ஏற்கக் கீழ்நோக்கிச் செல்கின்றது.